'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி' படத்தை 2017இல் தொலைக்காட்சியில் நேரலை இசை நாடகமாக எடுத்தார்களே, பார்த்தவர்கள் ஏன் இவ்வளவு திட்டுகிறார்கள்? உங்கள் கருத்து என்ன?

திட்டுகிறவர்களில் பாதிப் பேரோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் வேறு, நான் சொல்லும் காரணம் வேறு.

"நல்ல படத்தை ஏன் தொட்டார்கள்?" என்பதுதான் அதிகம் கேட்கிற புகார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கதை ஒரே வடிவத்தில் உட்கார்ந்திருந்ததே கிடையாது. ஜீன் ஷெப்பர்ட் என்ற வானொலிக்காரர் தன் பிள்ளைப் பருவத்தைக் கதைகளாகச் சொன்னார், எழுதினார். 1966இல் அவை புத்தகமாயின. 1983இல் பாப் கிளார்க் படமாக்கினார். 2012இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வே மேடையில் இசை நாடகமாக வந்தது. பாடல்களை எழுதியவர்கள் பெஞ்ச் பாசெக், ஜஸ்டின் பால் என்ற இருவர். படத்தில் சிறுவன் ரால்ஃபியாக நடித்த பீட்டர் பில்லிங்ஸ்லியே அந்த நாடகத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். 2017 டிசம்பர் 17 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது இந்த மேடை நாடகத்தைத்தான், கூடுதல் பாடல்களோடு. படத்தை நேராக நகலெடுத்ததாக நினைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு முதல் பாட்டிலேயே ஏமாற்றம் தொடங்கியிருக்கும்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை: 1940 வாக்கில் இண்டியானாவில் ஒரு சிற்றூர். ஒன்பது வயது ரால்ஃபிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ரெட் ரைடர் காற்றுத் துப்பாக்கி வேண்டும். அம்மாவைக் கேட்டாலும், ஆசிரியைக்குக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தாலும், கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் இருப்பவரிடம் கெஞ்சினாலும் ஒரே பதில்தான் வருகிறது: கண்ணைச் சுட்டுக்கொள்வாய். இவ்வளவுதான் கதை. ஆனால் 1997 முதல் அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸையொட்டி 24 மணி நேரம் இதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு வசனம் மட்டுமல்ல, எந்த இடத்தில் யார் மூச்சு வாங்குவார்கள் என்பதுகூட மனப்பாடம். பாட்டி சொல்லும் கதையில் ஒரு சொல் மாறினால் அடம்பிடிக்கிற பிள்ளையின் கோபம் அவர்களுடையது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை வைத்து நாடகத்தை எடைபோட முடியாது.

நீளம் என்ற புகார் நியாயமானது. படம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். நேரலையோ விளம்பரங்களோடு மூன்று மணி நேரம். ஒரு சிறுவனின் ஒற்றை ஆசையில் நகரும் கதைக்கு இது தாங்காது.

என் முதன்மையான குறை கதைசொல்லியைப் பற்றியது. படத்தில் பெரியவனான ரால்ஃபியின் குரலை மட்டுமே கேட்கிறோம். அது ஷெப்பர்டின் சொந்தக் குரல். அவர் கடை வரிசைக் காட்சியில் ஒரு நொடி தலைகாட்டுகிறார், ஆனால் ரால்ஃபியாக அல்ல. முகம் தெரியாததால் அந்தக் குரல் நமக்குள்ளிருந்தே பேசுவது போலிருக்கும். நேரலையில் மேத்யூ பிராடெரிக் பெரியவனான ரால்ஃபியாகச் சிறுவனின் பக்கத்திலேயே நடந்து வருகிறார். அவர் மோசமான நடிகர் அல்ல, நிதானமாகவே சொல்கிறார். ஆனாலும் ரால்ஃபியாக நடிக்கும் சிறுவன் ஆண்டி வாக்கன் ஏக்கத்தோடு எதையாவது பார்க்கும்போது, அந்தப் பார்வையிலேயே நிற்க வேண்டிய என் கண் பக்கத்தில் நிற்கும் பெரியவர்மீது போய்விடுகிறது. மேடையில் கதைசொல்லி கண்முன் நடமாடுவது பழகிய வழக்கம். கேமரா நெருங்கிக் காட்டும்போது அவர் இடையில் நிற்கிறவராகிவிடுகிறார். "ஏதோ ஒட்டவில்லை" என்று காரணம் சொல்லத் தெரியாமல் முணுமுணுத்தவர்கள் பலருக்கும் உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அம்மா. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சண்டைக்குப் பிறகு வருவது. தன்னை எப்போதும் துன்புறுத்தும் முரடனை ரால்ஃபி அடித்துத் துவைத்துவிடுகிறான், வாயில் வரக்கூடாத வார்த்தைகளெல்லாம் வருகின்றன. அம்மா வந்து இழுத்துப்போகிறாள். அப்பா வந்தால் அண்ணனைக் கொன்றுவிடுவார் என்று அழுதபடி தம்பி ராண்டி பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறான். அம்மா அவனை வெளியே இழுக்கவில்லை. ஒரு தம்ளர் பால் கொடுத்துவிட்டுக் கதவை மறுபடி சாத்துகிறாள். இரவு உணவு மேசையில் ரால்ஃபி சண்டை போட்டதை அப்பாவிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். கண்டித்துவிட்டேன் என்கிறாள், அதே மூச்சில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுகிறாள். அவ்வளவுதான், அப்பாவின் கவனம் ஆட்டத்துக்குப் போய்விடுகிறது. ரால்ஃபி அம்மாவைப் பார்க்கிறான். அம்மாவாக நடித்த மெலிண்டா டில்லன் அந்த இடத்தில் ஒன்றுமே செய்வதாகத் தெரியாது, ஆனால் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாள் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

நாடகத்தில் இந்த உணர்வுக்கு அம்மாவின் பாட்டு ஒன்று இருக்கிறது. நேரலையில் அம்மாவாக வந்த மாயா ருடால்ஃப் அதை உண்மையாகவே பாடினார். சிரிக்க வைப்பவர் என்றே அறியப்பட்ட அவர், வேலை முடியாத வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும் ஒருத்தியின் களைப்பையும் பாசத்தையும் துளிக்கூட மிகையில்லாமல் கொண்டுவந்தார். படம் கண்பார்வையில் சொன்னதைப் பாட்டு வாய்விட்டுச் சொல்கிறது, அதனால் ஓர் இழப்பு உண்டுதான். பதிலுக்கு, படம் முழுக்கச் சூடான ஒரு கவளம்கூடச் சாப்பிடக் கிடைக்காத அந்த அம்மாவுக்குத் தன் பக்கத்தைச் சொல்ல நேரம் கிடைத்தது. அதற்காகவே நான் இந்த நேரலையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த மறுஆக்கம் சரியாகவே செய்த மற்றொரு காரியம் உணவகக் காட்சி. அண்டை வீட்டு நாய்கள் வான்கோழியைத் தின்றுவிட, குடும்பம் சீன உணவகத்துக்குப் போகிறது. அங்கே பணியாளர்கள் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டை உச்சரிக்கத் தடுமாறுவதை வைத்துப் படம் சிரிக்கிறது. அந்த நகைச்சுவை எனக்கு ஒருபோதும் இனித்ததில்லை. தாய்மொழி அல்லாத மொழியைப் பேசி வாழ்கிற யாருக்கும் அது கசக்கும். 2017இல் அங்கே பாடுகிறவர்கள் அதே பாட்டை அழகாகவே பாடுகிறார்கள். "இதையும் மாற்றிவிட்டார்களே" என்று வருந்துகிறவர்களோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன். பள்ளித் தோழனின் யூதத் தாயாக ஆனா காஸ்டையருக்கு ஹனுக்கா பண்டிகைப் பாட்டு ஒன்று சேர்த்ததும் நல்ல எண்ணம்தான். ஆனால் ஏற்கெனவே நீண்ட மாலையை அது இன்னும் நீட்டியது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்துத் தோல்வி என்கிறார்கள். சுமார் 45 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே ஃபாக்ஸ் 2016 ஜனவரியில் 'கிரீஸ்' நாடகத்தை நேரலையாகப் போட்டபோது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 'கிரீஸ்' பிறந்ததே மேடைப் பாட்டுகளோடு. அதைப் பார்க்க வந்தவர்கள் கூடவே பாடலாம் என்று வந்தார்கள். ரால்ஃபியின் கதைக்கு வந்தவர்கள் வசனத்தைக் கூடச் சொல்லலாம் என்று வந்தார்கள், வசனம் இருக்கவேண்டிய இடத்தில் புதுப் பாட்டு இருந்தது.

நீங்கள் இரண்டையும் பார்க்காதவர் என்றால் படத்தை முதலில் பாருங்கள். பிறகு நேரலையை முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆசிரியையாக ஜேன் கிராகோவ்ஸ்கி ஆடிப் பாடும் 'கண்ணைச் சுட்டுக்கொள்வாய்' என்ற பாட்டு, பெண்ணின் கால் வடிவ விளக்கைப் பரிசாகப் பெற்ற அப்பா தலைகால் புரியாமல் கொண்டாடும் பாட்டு, மாயா ருடால்ஃப் பாடுபவை எல்லாம் — இவற்றைத் தேடிப் பாருங்கள்.