கடலே இல்லாத ஹட்டனில் இருக்கும் நமக்கு கடலடிக் கேபிள் அறுந்தால் என்ன?

ஹட்டனில் இருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அந்தக் கேபிள்களை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார்.

அறுந்தால் நமக்கும் நிறையவே பாதிப்பு இருக்கிறது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா லயத்தில் இருக்கும் பிள்ளையோடு இரவில் வாட்ஸ்அப்பில் பேசுவது சட்டலைட்டில் வருவதில்லை. நாடு விட்டு நாடு போகும் தரவில் 99 வீதத்துக்கு மேல் கடலடிக் கேபிளில்தான் போகிறது. நம் தேயிலை விற்பனையாகும் கொழும்பு ஏலமும் 2020இல் இணையத்துக்கு மாறிவிட்டது.

நான் மலைநாட்டு வீதிகளில் பைபர், அதாவது கேபிளுக்குள் ஒளியாகத் தரவைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை, ஒட்டும் வேலை பார்ப்பவன். இழையின் மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நேராக வெட்டி மெஷினில் வைத்தால் ஒரு மின்பொறியில் இரண்டு கண்ணாடி நுனிகளும் உருகி ஒன்றாகும். மயிரளவு தூசி இருந்தாலும் மறுபடி வெட்ட வேண்டும். கடலிலும் இதே ஒட்டுதான். ஆனால் அங்கே முதலில் கரையில் இருந்து ஒளியை அனுப்பி அறுந்த இடத்தைக் கணிக்க வேண்டும். பிறகு கப்பல் போய், கொக்கி போட்டு முனைகளை மேலே இழுத்து, இடையில் புதுத் துண்டு வைத்து ஒட்ட வேண்டும்.

ஆழ்கடலில் கேபிள் ஒரு ஹோஸ் பைப் தடிப்புத்தான். கரையை நெருங்கும்போது இரும்புக் கம்பிக் கவசம் சுற்றி, முடிந்த இடத்தில் மண்ணுக்குள் புதைப்பார்கள். உலகில் வருடத்துக்கு 150 முதல் 200 வரை பழுதுகள் வருகின்றன. பெரும்பாலும் நங்கூரமும் மீன்பிடியும்தான் காரணம். சுறா கடித்த கதையெல்லாம் மிகைப்படுத்தல்.

2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் இலங்கையை வெளிநாடுகளோடு இணைத்த சீ-மீ-வீ 3 என்ற கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியது. நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெருமளவில் முடங்கின. இன்று கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று வெவ்வேறு கரைகளில் கேபிள்கள் இறங்குகின்றன. என்னைக் கேட்டால் கவசத்தை விடப் பெரிய பாதுகாப்பு இதுதான். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து பசிபிக் தீவு நாடான டொங்காவின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தது. ஏறக்குறைய ஐந்து வாரம் அந்த மக்கள் தவித்தார்கள். எவ்வளவு காவல் போட்டாலும் கேபிள் ஒருநாள் அறுந்தே தீரும். மாற்று வழி இருக்கிறதா, பழுதுபார்க்கும் கப்பல் எவ்வளவு சீக்கிரம் வரும், அதற்கு அனுமதி இழுபடாமல் கிடைக்குமா என்பதுதான் முக்கியம்.

இதே கேள்வியை மலைக்குள்ளும் கேட்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மண்சரிவும் மின்தடையும் சேர்ந்து நுவரெலியா, பதுளைப் பக்கம் எத்தனையோ தோட்டங்களைத் தொடர்பில்லாமல் ஆக்கின. உள்ளே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வெளியே இருந்த சொந்தங்களுக்குத் தெரியவில்லை. கொழும்பு வரை பல வழி வந்து, அங்கிருந்து ஒரே வீதியோரமாக ஒரே கேபிள் மேலே ஏறினால் நமக்கு என்ன பயன்? ஹட்டனுக்கு கினிகத்தேனைப் பக்கமாக ஒரு பாதை என்றால் இன்னொன்று நுவரெலியா, தலவாக்கலைப் பக்கமாக வர வேண்டும். டவர்களில் பற்றரி நாள்கணக்கில் தாங்க வேண்டும். உங்கள் பிரதேச சபையில் பேச வாய்ப்புக் கிடைத்தால் இந்த இரண்டையும் கேளுங்கள்.