திங்கள் காலை ஏன் திறக்கவில்லை? ரயில் பாதைப் பணி குறித்து வாசகர் கேள்விகள்

(ரயில் பாதைப் பராமரிப்பு பற்றி வேலூர் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தண்டவாளம், சிக்னல் ஆகிய இரு துறைகளின் பொறியாளர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.)

என் மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். அவள் போய்வரும் நிலத்தடி ரயில் பாதையைப் பராமரிப்புக்காக வெள்ளி இரவு மூடினார்கள். திங்கள் காலை முதல் வண்டியிலிருந்து வழக்கம்போல் ஓடும் என்று அறிவிப்பும் கொடுத்தார்கள். திங்கள் காலை போனால் ஸ்டேஷன் பூட்டியிருக்கிறது, 'பணி நீடிக்கிறது' என்று ஒரு போர்டு. முழுதாக இரண்டு நாள் கொடுத்தும் போதவில்லையா?
– வாசகி, சத்துவாச்சாரி

சனி அதிகாலை 1 மணி முதல் திங்கள் அதிகாலை 5 மணி வரை என்று வைத்தால் 52 மணி நேரம். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் முன்பக்கம். கடைசி வண்டி பாதையை விட்டு வெளியேற வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். லண்டன் பாதையில் சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்கள் போக, மின்சாரத்துக்கென்றே இன்னும் இரண்டு உண்டு. வெளிப்பக்கத் தண்டவாளத்தில் சுமார் +420 வோல்ட், நடுத் தண்டவாளத்தில் −210 வோல்ட், ஆக 630 வோல்ட் நேர்மின்சாரம் என்பது அங்கே பழைய வழக்கமான அளவு. இரண்டிலும் மின்சாரம் இல்லை என்று கருவி வைத்துப் பார்த்து, பாதுகாப்புச் சாதனங்களைப் பொருத்திய பிறகுதான் ஆட்கள் கீழே இறங்கலாம். மின்சாரம் நின்றுவிட்டதால் பணி வண்டிகளை பேட்டரி எஞ்சின்தான் இழுத்துக்கொண்டு உள்ளே வரும்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. லண்டனின் ஆழ்சுரங்கப் பாதைகளின் விட்டம் பொதுவாக 3.56 மீட்டர் அளவுதான். காட்பாடி யார்டில் வேலை என்றால் பக்கத்து லைனில் கிரேனை நிறுத்தலாம், ஜல்லியை லாரியில் கொண்டுவந்து ஓரத்தில் கொட்டலாம். அந்தக் குழாய்க்குள் எதற்கும் பக்கம் கிடையாது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அதே வரிசையில் திரும்பிப் போக வேண்டும். வெளியேறும் வழியில் ஒரு வேகன் பழுதாகி நின்றால், அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அத்தனையும் நிற்கும்.

இனிப் பின்பக்கம். புதுத் தண்டவாளத்தின் இடைவெளியையும் மட்டத்தையும் அளக்க வேண்டும், சிக்னலைச் சோதிக்க வேண்டும், கருவிகளை எண்ணி வெளியே எடுக்க வேண்டும், எல்லா ஆட்களும் வெளியேறியதைக் கையெழுத்தாக வாங்க வேண்டும், மின்சாரம் கொடுக்க வேண்டும், காலி வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் சேர்ந்து 12 முதல் 16 மணி நேரம் வரை இதிலேயே போய்விடலாம். எஞ்சிய 36, 40 மணி நேரத்தில்தான் உண்மையான வேலை நடக்கிறது.

அந்த வேலையும் எளிதல்ல. பழைய ஆழ்சுரங்கங்களில் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) ஜல்லியில் கிடப்பதில்லை, கான்கிரீட்டில் பதிந்து கிடக்கும். உடைத்து எடுக்க வேண்டும். உடைத்த பிறகுதான் அடியில் ஈரம் இருப்பதோ, வரைபடத்தில் இல்லாத பழைய கேபிள் ஓடுவதோ தெரியவரும். அதற்குள் பழைய பாதையைப் பெயர்த்தாயிற்று, பின்வாங்க வழியில்லை. நீடிப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. சனி மாலை மூன்று மணி நேரம் பின்தங்கிய வேலை, ஞாயிறு இரவுக்குள் தானாகச் சரியாகிவிடாது. புது கான்கிரீட் பலம் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஆளைக் கூட்டிக் குறைக்க முடியாது.

நீடித்ததைவிட எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரிவது அறிவிப்பு. வேலை பின்தங்கியது ஞாயிறு மாலையே பணியிடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'எப்படியாவது முடித்துவிடலாம்' என்று இழுத்து, அதிகாலை 5 மணிக்கு போர்டு வைப்பது தப்பு. இரவு 9 மணிக்கே சொல்லியிருந்தால் உங்கள் மகள் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பாள்.

வேலையை ஏன் வார நாள் இரவுகளில் பிரித்துச் செய்யக்கூடாது?
– வாசகர், ஆம்பூர்

தினமும் செய்கிறார்கள். ஆனால் வார நாள் இரவில் பாதை சும்மா கிடப்பது சுமார் நான்கு மணி நேரம். முன்வேலை, பின்வேலை போக இரண்டு, இரண்டரை மணி நேரம் மிஞ்சும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பை மாற்றலாம், ஒரு தண்டவாளத் துண்டை மாற்றலாம். ஒரு வண்டி லைன் மாறும் பாயின்ட் முழுவதையும் பெயர்த்து மாற்ற முடியாது. மேலும் லண்டனில் 2016 ஆகஸ்ட் முதல் சில பாதைகளில் வெள்ளி, சனி இரவு முழுக்க வண்டி ஓடுகிறது. அந்தப் பாதைகளில் வாரத்துக்கு இரண்டு இரவுகள் பராமரிப்புக்குக் கிடைக்காமல் போயின.

பாலிடெக்னிக் மாணவன் நான். தண்டவாளத்தை ஒட்டவைக்கும் தெர்மிட் வெல்டிங்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அது தவறினால் என்ன ஆகும்?
– வாசகர், ராணிப்பேட்டை

நல்ல கேள்வி தம்பி. பல நீடிப்புகளின் கதை ஒரு மூட்டில் அடங்கிவிடும். நம் ரயில்வே முறையைச் சொல்கிறோம், அடிப்படை எங்கும் ஒன்றுதான்.

இரண்டு தண்டவாள முனைகளுக்கும் நடுவே 25 மி.மீ இடைவெளி விட வேண்டும். ஒரு மீட்டர் நேர்க்கோலை மேலும் பக்கவாட்டிலும் வைத்து, முனைகள் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கி மூட்டு அமுங்கும் என்பதால் முனைகளைக் கொஞ்சம் தூக்கி வைப்பார்கள். பிறகு மணல் அச்சை இரு பக்கமும் பொருத்தி, சந்துகளை ஈரமணல் பூசி அடைக்க வேண்டும். பர்னரால் முனைகளைச் சுமார் 1000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். எந்த வாயு என்பதைப் பொறுத்து இதற்கு இரண்டு, மூன்று நிமிடமும் ஆகலாம், பத்துப் பன்னிரண்டு நிமிடமும் ஆகலாம். மேலே குகையில் (உருக்கும் பாத்திரத்தில்) இருக்கும் அலுமினியம், இரும்பு ஆக்சைடு கலவையைப் பற்றவைத்தால் அரை நிமிடத்துக்குள் 2,400 டிகிரிக்கு மேல் கொதித்து உருகிய எஃகு அச்சுக்குள் இறங்கும். சில நிமிடம் விட்டு, கெட்டியாகியும் சிவப்பு மாறாத நிலையில் மேலே பிதுங்கி நிற்பதை வெட்டி எடுத்து, பிறகு தேய்க்க வேண்டும். எஃகை ஊற்றி 30 நிமிடம் ஆகாமல் அதன்மேல் வண்டி போகக்கூடாது. கடைசியில் மீயொலிச் சோதனை. தயாரிப்போடு சேர்த்து ஒரு மூட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கலவை மூட்டையில் ஈரம் ஏறியிருந்தால் வெல்டிங்குக்குள் காற்றுக் குமிழ் தங்கும். தண்ணீர் கசியும் சுரங்கத்தில் இது சாதாரண ஆபத்து. மணல் பூச்சு சரியில்லையென்றால் உருகிய எஃகு அடிப்பக்கம் ஒழுகிப் போய்விடும். சூடு போதவில்லையென்றால் மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது.

கெட்டுப்போன மூட்டின் மேலேயே மறுபடி ஊற்ற முடியாது. அதை அறுத்து எடுத்தால் இடைவெளி பெரிதாகிவிடும். ஆகவே பெரும்பாலும் சில மீட்டர் நீளத் தண்டவாளத் துண்டு ஒன்றைப் புதிதாக நுழைக்க வேண்டியிருக்கும். துண்டுக்கு இரண்டு முனை, அதனால் ஒரு வெல்டிங் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. ஞாயிறு நள்ளிரவில் ஒரு மூட்டு ஒழுகினால் திங்கள் காலை ஏன் தவறும் என்று இந்தக் கணக்கே சொல்லும். திறந்தவெளிப் பாதையில் மூட்டை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் ஜாகிள் பிளேட்டும் கிளாம்பும் போட்டு, வேகத்தைக் குறைத்து அன்றைக்குச் சமாளித்துவிடலாம். படிக்கும்போதே ஒரு வெல்டிங்கை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். பூச்சு பூசுபவரின் கையைக் கவனியுங்கள், மூட்டின் தரம் பாதி அங்கேதான் இருக்கிறது.

வேலை முடியாவிட்டால் வண்டியை மெதுவாக ஓட்டலாமே? நம் ஊரில் 'காஷன்' போட்டு ஓட்டுகிறார்களே!
– வாசகர், காட்பாடி

தண்டவாளத்துக்கு அது சரி. ஜல்லியைச் சலித்துப் போட்ட இடத்தில் முதலில் 20 கி.மீ வேகத்தில் விட்டு, பாதை இறுக இறுகப் படிப்படியாகக் கூட்டுவது நாம் தினமும் செய்வது. சிக்னலுக்கு அந்த வழி இல்லை. பாதி சரியான சிக்னல் என்று ஒன்று கிடையாது.

பாயின்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். சோதிப்பவர் நுனிக்குப் பக்கத்தில் 5 மி.மீ தகட்டை இடையில் வைத்து மோட்டாரை இயக்கச் சொல்வார். தகடு இருக்கும்போது பாயின்ட் பூட்டிக்கொள்ளக்கூடாது, 'சரியாக அமைந்தது' என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தகவலும் போகக்கூடாது. போய்விட்டால் அந்தப் பாயின்ட் பொய் சொல்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பாயின்டுக்கும் இரண்டு திசையிலும் இதைச் செய்து, சிக்னலோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

லண்டன் கிளாப்ஹம் ஜங்ஷனில் 1988 டிசம்பர் 12 அன்று ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னலுக்கு வயர் மாற்றியபோது பழைய வயர் ஒன்றை முழுதாக அகற்றாமல் விட்டதில், சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் அப்படிக் காட்டவில்லை. அந்த வேலையைச் செய்தவருக்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. வேலை முடிந்தபின் தனி ஆள் வந்து வயரை எண்ணிப் பார்க்கும் சோதனையும் நடக்கவில்லை. பின்தங்கிய வேலையில் நேரத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடும்போது கடைசியில் இருப்பதால் கண்ணில் படுவது சோதனைதான். அதில் கை வைக்கச் சொல்லும் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லும் உரிமை, கையெழுத்துப் போடுபவருக்கு இருக்க வேண்டும்.

அப்படியானால் நேரத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? திட்டத்தில்தான். 2014 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வரும் தரைமேல் பாதையில் நடந்த பணி டிசம்பர் 27 வரை நீடித்து, பயணிகள் ஃபின்ஸ்பரி பார்க் ஸ்டேஷனில் குவிந்தார்கள். பழைய கட்டைகளை அள்ளும் இயந்திரத்தின் பிடிகள் பழுதாயின. அந்தத் தாமதத்தில் பணி வண்டி ஓட்டுநர்களின் பணிநேரம் முடிந்துபோக, மாற்று ஓட்டுநர் இல்லாமல் வண்டிகள் நின்றன. உதிரி இயந்திரமும் உதிரி ஓட்டுநரும் திட்டத்தில் இருக்க வேண்டிய பொருட்கள். 'இந்த மணிக்கு இந்த அளவு முடியவில்லையென்றால் அடுத்த பகுதியைத் தொடாதே' என்ற எல்லையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

லண்டனில் கான்கிரீட் சுரங்க ரயில் அறைக்குள் புகுந்ததாகவும், சர்க்கரை போட்டுத் தடுத்ததாகவும் ஒருவர் சொன்னார். நிஜமா?
– வாசகி, குடியாத்தம்

நிஜம். 2014 ஜனவரி 23, விக்டோரியா ஸ்டேஷன் விரிவாக்கப் பணி. வெற்றிடம் ஒன்றில் ஊற்றிய கான்கிரீட், பக்கத்துச் சிக்னல் அறைக்குள் கசிந்து புகுந்தது. விக்டோரியா பாதையின் தெற்குப் பகுதியில் வண்டிகள் நின்றன. கெட்டியாவதைத் தாமதப்படுத்தக் கடையில் சர்க்கரை மூட்டைகளை வாங்கி வந்து கொட்டி, வாரி எடுத்தார்கள். மறுநாள் பாதை திறந்தது.

சிமென்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரைகூட அது இறுகுவதை மணிக்கணக்கில் தள்ளிப்போடும். அளவு கூடினால் இறுகவே இறுகாது. சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த நம் பழைய கொத்தனார்களின் முறை சுண்ணாம்புக்கு உரியது. வீட்டு வேலையில் வெல்லப் பாகு இருந்த டிரம்மைக் கழுவாமல் சிமென்ட் தண்ணீருக்கு வைத்துவிடாதீர்கள்.

சென்னை மெட்ரோவிலும் இப்படி ஆகுமா?
– வாசகர், அரக்கோணம்

எந்தப் பாதையிலும் ஆகலாம், ஆனால் சென்னைக்குச் சில வசதிகள் உண்டு. சுரங்கத்தின் உள்விட்டம் சுமார் 5.8 மீட்டர், பக்கத்தில் நடைபாதை இருக்கிறது. 25,000 வோல்ட் மின்சாரம் தலைக்கு மேலே போகிறது, காலடியில் இல்லை. காலை 5 முதல் இரவு 11 வரைதான் சேவை என்பதால் ஒவ்வொரு இரவும் பராமரிப்புக்குக் கிடைக்கிறது. சுரங்கப் பகுதி 2017 மே மாதம்தான் திறந்தது, இளம் பாதை. லண்டனின் முதல் சுரங்கப் பாதை 1863இல் திறந்தது.

காட்பாடியிலிருந்து சென்னை போகும்போது லைன் பிளாக் (பணிக்காகப் பாதையை மூடுவது) நீடித்து வண்டி தாமதமானால் பணம் திரும்பக் கிடைக்குமா? லண்டனில் எப்படி?
– வாசகர், வாலாஜா

முன்பதிவு டிக்கெட்டில், நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணமும் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட்டுக்கு, வண்டி உங்கள் ஸ்டேஷனிலிருந்து உண்மையில் கிளம்பும் முன்பே டி.டி.ஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்துவிட வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுப் பணத்தை இழப்பவர்கள்தான் அதிகம். வண்டியே ரத்தானால் ஆன்லைன் டிக்கெட் பணம் தானாகக் கணக்குக்கு வரும், கவுன்டர் டிக்கெட்டை நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பிளாக் அறிவித்திருக்கும் நாளில், அது முடிந்ததும் கிளம்பும் முதல் வண்டியை நம்பி விசா நேர்காணலோ விமானமோ வைத்துக்கொள்ள வேண்டாம். பாதையை ஒப்படைத்த பிறகும் வண்டிகளும் ஓட்டுநர்களும் தத்தம் இடத்துக்கு வந்துசேர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். கிளம்பும் முன் ரயில்வே விசாரணை எண் 139இல் கேளுங்கள். வண்டி இப்போது எந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறது என்று கேட்டால், வாலாஜா ரோட்டில் காத்திருப்பதா, பஸ் பிடிப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

லண்டன் நிலத்தடி ரயிலில் 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால், அது நிர்வாகத்தின் பொறுப்பில் வரும் காரணமாக இருக்கும்பட்சத்தில், 28 நாளுக்குள் ஆன்லைனில் விண்ணப்பித்து அந்தப் பயணத்தின் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். முன்கூட்டியே அறிவித்த பணிக்கு இது கிடையாது. ஆகவே எத்தனை மணி வரை பணி என்று அறிவித்தார்கள் என்பதையும், பூட்டியிருந்த ஸ்டேஷனில் வைத்த போர்டையும் நேரம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சத்துவாச்சாரி வாசகியின் மகளுக்கும் இதையே சொல்கிறோம்.