ஒரு ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினாலும் மருத்துவமனைக் கிருமிகளின் எதிர்ப்பு ஏன் மறைவதில்லை?

பெரும்பாலும் பிளாஸ்மிட்தான் காரணம். பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே தானாகப் பெருகும் டிஎன்ஏ வளையம் அது. செல்கள் ஒட்டிக்கொள்ளும்போது அதன் ஓர் இழை அடுத்த செல்லுக்குள் போய், இரு பக்கமும் முழு வளையமாகிவிடும். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிலிருந்து ஈ. கோலைக்கு, அதாவது வேறோர் இனத்துக்கே, எதிர்ப்பு இப்படித் தாவுகிறது.

சிக்கல் என்னவென்றால், ஒரே பிளாஸ்மிடில் பல எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கலாம். 1950களில் ஜப்பானில் சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா ஒரே வீச்சில் நான்கு மருந்துகளை எதிர்த்தது இதனால்தான். அவற்றில் மூன்றை நிறுத்தி ஒன்றை மட்டும் கொடுத்தாலும் போதும், மொத்தத் தொகுப்பும் தங்கிவிடும்.

மருந்தே இல்லாவிட்டால் வீண் சுமையென்று பாக்டீரியா அதைக் கைவிடாதா? சில கைவிடுகின்றன. ஆனால் பல பிளாஸ்மிடுகள் நீடித்து நிற்கும் நச்சையும் விரைவில் சிதையும் நச்சுமுறிவையும் சேர்த்தே தயாரிக்கின்றன. பிளாஸ்மிடை இழந்த செல்லில் முறிவு தீர்ந்துபோகும், நச்சு மிஞ்சும். செல் சாகும் அல்லது வளர்ச்சி முடங்கும். அப்பட்டமான மிரட்டல்தான்! போதாக்குறைக்கு, காலப்போக்கில் ஏற்படும் மரபணு மாற்றங்கள் அந்தச் சுமையையும் குறைத்துவிடுகின்றன.

ஆகவே மருந்தை நிறுத்துவதோடு, கை சுத்தம், நோயாளிகளைப் பரிசோதித்துத் தனிமைப்படுத்துவது போன்ற பரவல் தடுப்பும் வேண்டும்.