இரும்பு கிடைக்காத ராஜ்ஜியம்: கேம் கேள்வி–பதில்

இந்த முறை, நாடு வளர்த்துப் போரிடும் சிவிலைசேஷன் (சுருக்கமாக சிவ்) வரிசை கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் இரும்பு, எண்ணெய் போன்ற முக்கியமான ரிசோர்ஸ் ஒன்று கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள் மட்டும். எந்தப் பதிப்பு என்று எழுதாதவர்களுக்கு சிவ் 6, அதன் கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பின் விதிப்படி பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: இரும்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வெண்கலத் தொழில்நுட்பம் (ப்ரான்ஸ் வொர்க்கிங்) படித்து முடித்துவிட்டேன். என் மூன்று நகரங்களைச் சுற்றி ஒரு கட்டத்தில்கூட இரும்பு இல்லை. பக்கத்து நாட்டுக்காரன் இரும்பு கேட்கும் ஸ்வார்ட்ஸ்மேன்களை (வாள்வீரர்கள்) சேர்க்கிறான். ஸ்பியர்மேன்களை (ஈட்டி வீரர்கள்) கட்டி எல்லையில் நிறுத்தினால் தாங்குமா?

பதில்: தாங்காது. ஸ்பியர்மேன் குதிரைப்படைக்கு எதிரான ஆள். அவனை எதிர்க்கும்போது ஸ்வார்ட்ஸ்மேனுக்குத்தான் கூடுதல் பலம் கிடைக்கும். ஈட்டி நீளமாக இருக்கிறதே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் கட்ட வேண்டியது ஆர்ச்சர் (வில்லாளி). கணக்கைப் பாருங்கள். இருவர் பலமும் சமமாக இருந்தால் ஓர் அடிக்கு சராசரியாக 100-ல் 30 உயிர் குறையும். ஆர்ச்சரின் எய்யும் பலம் 25, ஸ்வார்ட்ஸ்மேனின் பலம் 35. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஓர் அம்புக்கு 20 போல இறங்கும். மூன்று ஆர்ச்சர்களோடு மதில் கட்டிய நகரமும் சேர்ந்து எய்தால் ஒரு டர்னுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) 80. வந்தவன் அடுத்த டர்னில் காலி. ஆர்ச்சர்கள் மதிலுக்கு வெளியே தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். நேருக்கு நேர் அடி வாங்கும் பலம் அவர்களுக்கு வெறும் 15. முன்னால் ஒரு வாரியரைக் குன்றின் மேல் ஃபார்ட்டிஃபை செய்து (அரண் அமைத்து) நிறுத்துங்கள். அவன் சாகலாம், பரவாயில்லை. அவன் வேலை இரண்டு டர்ன் தாமதப்படுத்துவது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய மதில் ஒன்று கட்டினால் இன்ஜினியரிங் என்ற தொழில்நுட்பத்துக்கு யுரேக்கா (படிப்பதற்கான விலைச் சலுகை) கிடைக்கும். கையில் மூன்று ஆர்ச்சர் இருந்தால் மெஷினரிக்கு யுரேக்கா கிடைக்கும். தற்காப்புக்காகச் செய்த இரண்டு வேலையும் உங்களை நேராகக் கிராஸ்போமேனிடம் (குறுக்குவில் வீரன்) கொண்டுபோய்ச் சேர்க்கும். அவன் எய்யும் பலம் 40. அதே ஸ்வார்ட்ஸ்மேனுக்கு ஓர் அம்பில் 36, 37 இறங்கும், மூன்று அம்பில் ஆள் முடிந்தான். இவ்வளவுக்கும் இரும்பு ஒரு துளி வேண்டாம்.

வழியில் ஒரே ஒரு முள். மெஷினரிக்கு முன்னால் அயர்ன் வொர்க்கிங் படித்தாக வேண்டும். அதன் யுரேக்காவோ இரும்புச் சுரங்கம் ஒன்று கட்டினால்தான் வரும். உங்களுக்கு அது வராது. முழு விலை கொடுத்துப் படியுங்கள். யுரேக்கா வரட்டும் என்று பாதியில் நிறுத்திக் காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

கேள்வி: எந்தெந்தப் படை எப்போதும் ரிசோர்ஸ் கேட்காது என்று ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

பதில்: எய்யும் படை முழுவதும்: ஸ்லிங்கர், ஆர்ச்சர், கிராஸ்போமேன், ஃபீல்டு கேனன், மெஷின் கன். குதிரைக்கு எதிரான படை முழுவதும்: ஸ்பியர்மேன், பைக்மேன், பைக் அண்ட் ஷாட், ஏடி க்ரூ (டாங்கி எதிர்ப்புப் படை). ஸ்கவுட் வரிசையும் கேட்காது. இந்த மூன்றையும் வைத்தே ஆட்டம் முழுவதையும் ஓட்டலாம்.

மதிலை உடைக்கும் படையில் கேட்டபல்ட் சும்மா கிடைக்கும். பம்பார்டு வந்ததும் நைட்டர் (வெடியுப்பு) கேட்கும், ஆர்ட்டிலரி எண்ணெய் கேட்கும். ஹெவி சாரியட் (போர் ரதம்) ஒரு பொறி. கட்டும்போது எதுவும் கேட்காது, நைட் என்ற கவசக் குதிரைவீரனாக உயர்த்தப் போனால் இரும்பு எங்கே என்று நிற்கும். இரும்பு வரப்போவதில்லை என்று தெரிந்தால் சாரியட்டில் உற்பத்தியைக் கொட்டாதீர்கள்.

இரும்பில்லாமல் நகரம் பிடிக்கவும் முடியும். பேட்டரிங் ராம் (மதில் இடிக்கும் கருவி) வாரியருக்கு மட்டும் உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்பியர்மேனுக்கும் உதவும். இரண்டு ஸ்பியர்மேன், ஒரு ராம், நான்கு ஆர்ச்சர். பழைய மதில் மட்டும் உள்ள நகரத்துக்கு இது போதும்.

கேள்வி: பக்கத்து நாட்டிடம் 14 இரும்பு வாங்கினேன். ஆனாலும் ஸ்வார்ட்ஸ்மேன் பொத்தான் மங்கலாகவே இருக்கிறது. இது கேமில் உள்ள பிழையா (பக்)?

பதில்: பக் இல்லை, 6 இரும்பு பாக்கி. ஒரு ஸ்வார்ட்ஸ்மேனுக்கு 20 இரும்பு. கேதரிங் ஸ்டார்ம் 2019 பிப்ரவரியில் வந்ததிலிருந்து ரிசோர்ஸ் கையிருப்பாகச் சேர்கிறது, கட்டும்போது மொத்தமாகக் கழிகிறது. அதற்கு முந்தைய விதி வேறு: இரண்டு இரும்பு இணைப்பு இருக்க வேண்டும், என்கேம்ப்மென்ட் (படைமுகாம்) உள்ள நகரத்தில் ஒன்று போதும். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, தேவைக்கு ஏற்ப 20, 40 என்று வாங்குங்கள். இரண்டு, கையிருப்பின் உச்சவரம்பு 50. என்கேம்ப்மென்டில் கட்டும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அது 10 கூடும். மூன்று, மொத்தப் பணத்துக்குப் பதிலாக டர்னுக்கு இவ்வளவு கோல்டு என்று பேசிப் பாருங்கள். நாளை அவன் உங்கள் மேல் போர் அறிவித்தால் ஒப்பந்தம் ரத்தாகும். இரும்பு உங்களிடமே இருக்கும், மிச்சத் தவணை கட்ட வேண்டாம். உங்கள் மேல் கோபமாக இருப்பவன் எந்த விலைக்கும் தர மாட்டான். ஆகவே கேட்பதற்குச் சில டர்ன் முன்பே தூதுக்குழு, நட்பு அறிவிப்பு எல்லாம் முடிந்திருக்கட்டும்.

வாங்கிய சொற்ப இரும்பை நீட்டிக்க மேக்னஸ் என்ற கவர்னர் (நகரத்துக்கு நியமிக்கும் ஆளுநர்) இருக்கிறார். அவருடைய பிளாக் மார்க்கெட்டியர் பதவி உயர்வு, அவர் இருக்கும் நகரத்தில் கட்டும் படைக்கு ரிசோர்ஸ் செலவை 80 சதவீதம் குறைக்கும். 20 இரும்பு 4 ஆகிவிடும். உங்களிடம் இருக்கும் 14-ல் மூன்று ஸ்வார்ட்ஸ்மேன் கட்டி 2 மிச்சம் வைக்கலாம். அவரை நியமிப்பதையும் சேர்த்து மூன்று கவர்னர் டைட்டில் செலவாகும், நகரத்தில் அவர் நிலைகொள்ள 5 டர்ன் ஆகும். கடையில் சர்க்கரை வாங்குவதுபோல் அவசரத்துக்குக் கிடைக்காது, முன்பே திட்டமிட வேண்டும். ரிசோர்ஸ் வறண்ட மேப்பில் முதல் கவர்னர் மேக்னஸ்தான் என்பது எங்கள் கட்சி.

கேள்வி: ஒன்பது கட்டம் தள்ளி, எதிரி நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு தெரிகிறது. அங்கே நகரம் வைத்தால் லாயல்டி (நகரத்தின் விசுவாசம்) போய்விடும் என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: செட்லரை (புது நகரம் அமைப்பவர்) தேர்ந்தெடுத்து அந்தக் கட்டங்களைப் பாருங்கள். அங்கே நகரம் வைத்தால் டர்னுக்கு லாயல்டி எவ்வளவு ஏறும், இறங்கும் என்று விளையாட்டே காட்டும். நகரம் 100-ல் தொடங்கும். மோசமான நிலையில் டர்னுக்கு 20 குறையும், ஐந்தாவது டர்னில் கை நழுவிவிடும். அங்கே போகாதீர்கள். டர்னுக்கு 6 என்றால் கதை வேறு. 16 டர்ன் தாங்கும். ஒரு கவர்னரை அனுப்பினால் 8 கூடும், கணக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். 'லிமிட்டானை' என்ற பாலிசியைப் போட்டு நகரத்துக்குள் ஒரு படையை நிறுத்தினால் இன்னும் 2.

பலர் இரும்புக்குப் பக்கத்துக் கட்டத்தில் நகரம் வைத்துவிட்டு, பிறகு சுரங்கம் கட்டும் பில்டரை அவ்வளவு தூரம் நடக்கவிடுவார்கள். வழியில் காட்டுமிராண்டிகள் பிடித்துக்கொண்டு போவார்கள். நகரத்தை நேராக இரும்பின் மேலேயே வையுங்கள். சுரங்கம் தேவையில்லை, முதல் டர்னிலிருந்தே இரும்பு சேரும். இரும்பு பெரும்பாலும் குன்றில்தான் கிடக்கும். அதனால் நகரத்துக்குத் தற்காப்புப் பலமும் கூடும். மேலேயே வைக்க இடமில்லை என்றால் மூன்று கட்டத்துக்குள் வையுங்கள். அதற்கு வெளியே உள்ள நிலத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, எல்லை தானாக வளரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு கட்டத்திலிருந்து டர்னுக்கு 2 இரும்பு. பத்து டர்னுக்கு ஒரு ஸ்வார்ட்ஸ்மேன். ஈக்வஸ்ட்ரியன் ஆர்டர்ஸ் பாலிசி போட்டால் 3 ஆகும், ஏழு டர்னில் ஒருவன். மேக்னஸும் இருந்தால் இரண்டு டர்னுக்கு ஒருவன்.

கேள்வி: சிட்டி ஸ்டேட் (ஒற்றை நகர நாடு) ஒன்றிடம் இரும்பு இருக்கிறது. அதன் சுசரெய்ன் (மேலாதிக்கம் பெற்றவர்) ஆனேன், எதுவும் வரவில்லையே?

பதில்: அந்தக் கட்டத்தில் சுரங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தோண்டாத வரை உங்களுக்கும் வராது.  சுசரெய்ன் பதவிக்குக் குறைந்தது மூன்று தூதுவர், மற்ற எல்லோரையும்விட அதிகமாக, இருக்க வேண்டும். அந்தப் பதவியோடு இன்னொன்றும் கிடைக்கிறது: கோல்டு கொடுத்து அவர்கள் படையையே 30 டர்னுக்கு வாடகைக்கு எடுக்கலாம். அவர்களிடம் ஸ்வார்ட்ஸ்மேன் இருந்தால் அவன் உங்கள் ஸ்வார்ட்ஸ்மேன். இரும்பை வாங்குவதைவிட இரும்பு ஏந்தியவனையே வாங்குவது பல நேரம் மலிவு.

கேள்வி: நான் ஆடுவது சிவ் 5. திடீரென்று மேலே இரும்பு மைனஸ் 2 என்று சிவப்பில் காட்டுகிறது. படைகள் அடி வாங்குகின்றன.

பதில்: ஒரு சிட்டி ஸ்டேட் கூட்டணி முறிந்திருக்கும். செல்வாக்கு 60-க்குக் கீழே இறங்கினால் அவர்கள் கொடுத்த இரும்பும் போய்விடும். சிவ் 5-ல் இரும்பு செலவாகிப் போவதில்லை, படை உயிரோடு இருக்கும்வரை ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். கணக்கு மைனஸ் ஆனால் இரண்டு பேருக்கு மட்டும் தண்டனை இல்லை, இரும்பு கேட்கும் எல்லாப் படையின் பலமும் குறையும். அதனால் போர் நடுவில் இருந்தால் யோசிக்காமல் சிட்டி ஸ்டேட்டுக்குப் பணம் கொடுத்து 60-ஐத் தாண்டுங்கள். பணம் இல்லையா, அடிபட்டுப் பாதி உயிரில் கிடக்கும் இரண்டு ஸ்வார்ட்ஸ்மேன்களைக் கலைத்துவிடுங்கள். மனசு கேட்காதுதான். கன்பவுடர் நெருங்கிவிட்டால் வேறு வழி இருக்கிறது: லாங்ஸ்வார்ட்ஸ்மேனை மஸ்கட்மேனாக உயர்த்துங்கள். மஸ்கட்மேனுக்கு சிவ் 5-ல் எதுவும் வேண்டாம், பிடித்து வைத்திருந்த இரும்பு திரும்பி வரும். அதை ஃபிரிகேட்டுக்குப் பயன்படுத்தலாம்.

சிவ் 6-ல் இதே நம்பிக்கையில் இருக்காதீர்கள். அங்கே மஸ்கட்மேன் 20 நைட்டர் கேட்பான்.

கேள்வி: எண்ணெய் இல்லை. இன்ஃபன்ட்ரியை (நவீன காலாட்படை) எப்படியாவது கட்டலாமா?

பதில்: கட்டுவது சுலபம், கட்ட 1 எண்ணெய்தான். அதன்பிறகு ஒவ்வொரு டர்னும் ஒன்று குடிப்பான். கையிருப்பு பூஜ்யம் ஆனதும் பலம் சரியும். டர்னுக்கு வருமானம் இல்லாமல் 10 எண்ணெய் வாங்கி ஐந்து பேரைக் கட்டினால், கட்டி முடித்த மறுடர்னே தொட்டி காலி. எய்யும் படையை மெஷின் கன்னுக்கும், பைக் அண்ட் ஷாட்டை ஏடி க்ரூவுக்கும் உயர்த்தித் தற்காப்பில் இருங்கள். கடலைப் பாருங்கள், கரையோரத்தில் எண்ணெய் தெரிந்தால் பிளாஸ்டிக்ஸ் தொழில்நுட்பம் படித்து எண்ணெய் ரிக் போடலாம்.

கேள்வி: நிலக்கரி இல்லாமல் நகரங்களுக்கு மின்சாரம்?

பதில்: ஒரு நிலக்கரி 4 மின்சாரம், ஒரு எண்ணெயும் 4, ஒரு யுரேனியம் 16. ஆற்றில் டேம் கட்டி அதில் ஹைட்ரோ எலக்ட்ரிக் டேம் போட்டால் எதையும் எரிக்காமல் 6. சோலார், விண்டு ஃபார்ம் ஒவ்வொன்றும் 2. ஆற்றோர நகரங்கள் உள்ளவர்கள் நிலக்கரியைத் தேடி அலையவே வேண்டாம்.

கேள்வி: இரும்பு இல்லை என்று தெரிந்ததும் ரீஸ்டார்ட் செய்வது கோழைத்தனமா?

பதில்: உங்கள் ஆட்டம், உங்கள் மாலை நேரம். ஆனால் ரோம் எடுத்துக்கொண்டு லீஜன் (ரோமுக்கே உரிய, இரும்பு கேட்கும் படை) கட்ட முடியாமல் போனால் எங்களுக்கும் கை துறுதுறுக்கும். அடுத்த முறை மேப் அமைக்கும்போதே தொடக்க இடத்தை பேலன்ஸ்டு என்றும் ரிசோர்ஸை அபண்டன்ட் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 2001-ல் வந்த சிவ் 3 ஆடியவர்களிடம் மட்டும் இந்தக் குறையைச் சொல்லாதீர்கள். அதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்புச் சுரங்கம் ஒருநாள் தீர்ந்துபோய், உலகத்தின் இன்னொரு மூலையில் புதிதாக முளைக்கும்.