கம்ப்யூட்டர் வாட்டர் கூலரை எவ்வளவு நேரம் ஓட்டிச் சோதிக்க வேண்டும்?

ஏஐஓ கூலரை (திரவத்தை ஓடவிடும் பம்ப், சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக வரும் வாட்டர் கூலர்) மாட்டி, புராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஐந்து நிமிடம் ஓட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. புராசஸரின் வெப்பம் முதலில் உள்ளே ஓடும் திரவத்தைச் சூடாக்க வேண்டும். அது மெதுவாகத்தான் ஏறும். அதனால் ஆரம்பத்தில் எந்தக் கூலரும் நல்ல பெயர் வாங்கிவிடும். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். புராசஸர் வெப்பநிலை ஏறாமல் ஒரே இடத்தில் நின்ற பிறகு வரும் எண்தான் கணக்கு.

அதிலிருந்து அறை வெப்பநிலையைக் கழியுங்கள். 30 டிகிரி அறையில் 80 காட்டினால் வித்தியாசம் 50. ஒப்பிட இதுதான் நியாயமான அளவு. ஒப்பிடும்போது பவர் லிமிட் (புராசஸர் எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு), ஃபேன் வேகம் இரண்டையும் மாற்றாதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: ரேடியேட்டரின் உச்சியைவிட பம்ப் உயரத்தில் இருந்தால் காற்றுக் குமிழ்கள் பம்பில் போய்ச் சேரும். களகளவென்று சத்தம் நிற்காமல் கேட்டால் ரேடியேட்டரை மேலே மாற்றிப் பொருத்திவிட்டு அப்புறம் அளவெடுங்கள்.