ட்வீற்றர் கரகரக்குதா? திறக்க முதல் ஒருக்கா கேளுங்கள்

ஸ்பீக்கர் பொக்ஸ் திருத்துகிறவன் என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: மேல் சுருதியில் கரகரக்கிறது, ட்வீற்றரை (மேல் சுருதியைத் தருகிற சின்ன ஸ்பீக்கரை) கழற்றி என்ன செய்யலாம்? இந்த மாதம் வந்தவற்றுக்குச் சேர்த்தே பதில்.

கொக்குவிலில் இருந்து: அண்ணை, என்ரை பொக்ஸில் பெண் குரல் உச்சத்துக்குப் போனால் கிழியிற மாதிரி இருக்கு. டோமில் ஏதாவது பூசினால் சரிவருமா?

பூச வேண்டாம் தம்பி. டோம் என்பது ட்வீற்றரின் நடுவில் அதிர்கிற குமிழ். அதன் பாரம் கூடினால் சத்தம் குறையும், கரகரப்பு அப்படியே இருக்கும்.

முதலில் அம்பை (அம்பிளிஃபையரை) நிறுத்திவிட்டு, அதன் பின்னால் பொக்ஸுகளுக்குப் போகிற இடது வலது வயர்களை மாற்றிப் போடுங்கள். கரகரப்பு அதே பொக்ஸில் நின்றால் பிழை பொக்ஸில். மற்றப் பொக்ஸுக்குத் தாவினால் அம்பில், அல்லது அதற்கும் முன்னால். திணறுகிற அம்பின் சத்தத்தைக் கேட்டு ட்வீற்றரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பொக்ஸ்தான் என்றால் உள்ளே பாருங்கள். மலிவுப் பெட்டிகளில் ட்வீற்றருக்கு முன்னால், கீழ்ச் சுருதியைத் தடுக்க, ஒரேயொரு கப்பாசிற்றர்தான் இருக்கும். 8 ஓம் ட்வீற்றருக்கு 4.7 மைக்ரோஃபரட் என்றால் சுமார் 4,200 ஹேர்ட்ஸில் வெட்டும். ஆனால் அதற்குக் கீழே ஒக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகிற ஒவ்வொரு படிக்கும், 6 டெசிபெல்தான் குறையும். அதே சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் தர டோம் 4 மடங்கு அசைய வேண்டும். கணக்குப் பாருங்கள்: கப்பாசிற்றர் பாதியாகக் குறைக்கிறது, டோமோ 4 மடங்கு கேட்கிறது. அதனால் கீழே போகப்போக அசைவு கூடிக்கொண்டுதான் போகும். சிதைவு, அதாவது அந்தக் கரகரப்பு, பிறக்கிற இடம் இதுதான்.

கப்பாசிற்றரை 3.3 ஆக்கி, ட்வீற்றருக்குக் குறுக்கே 0.47 மில்லிஹென்றி கொயில் ஒன்றைப் போடுங்கள். வெட்டுகிற இடம் ஏறத்தாழ அதேதான், ஆனால் இப்போது 12 டெசிபெல். அப்புறம் ட்வீற்றர் வயரைத் திருப்பிப் போட்டும் ஒருக்கா கேளுங்கள். எது நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததிலேயே செலவு குறைந்த, பலன் கூடிய மாற்றம் இது.

பருத்தித்துறையில் இருந்து: ஐயா, பழைய பொக்ஸ். ஒரு பக்க ட்வீற்றர் மங்கலாகவும் கரகரப்பாகவும் இருக்கு. கடல் காத்துத்தான் காரணமோ?

உப்புக் காற்று இரும்பைத் தின்னும், உண்மைதான். ஆனால் பழைய டோம் என்றால் என் சந்தேகம் ஃபெரோஃப்ளூயிட்டில். காந்த இடைவெளிக்குள் விடுகிற கறுப்புத் திரவம் அது. 1963இல் நாசாவில் ஸ்டீவ் பபெல் என்பவர் எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்கலாமா என்று பார்த்து உருவாக்கியது, கடைசியில் எங்கள் பொக்ஸுக்குள் வந்து காய்கிறது! காய்ந்தால் டோமை அசைக்கிற வொயிஸ் கொயிலைப் பனம்பாணி மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

ஆணிகளைக் கழற்றும்போது ஒரு கையால் டோமை மறைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ டிரைவரைக் காந்தம் இழுத்து டோமைக் குத்துவது ஒரு நொடி வேலை. டோமை நேராக மேலே தூக்குங்கள், சரிக்க வேண்டாம். மை ஒற்றும் தாளைச் சின்னக் கீலங்களாக வெட்டி இடைவெளிக்குள் விட்டு வட்டமாக இழுங்கள். கறுப்பாக வரும். கீலம் வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். தின்னர் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், கம் கரைந்துவிடும். தயாரித்தவர் சொன்ன தடிப்பில், சொன்ன அளவில் புதிதாக விடுங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள், இல்லையென்றால் இடதும் வலதும் ஒத்துப்போகாது. திரவம் விடாமலும் ஓடும், ஆனால் சூடு தாங்காது.

சாவகச்சேரியில் இருந்து: திருவிழாப் பொக்ஸில் பியேசோ ட்வீற்றர். கூர்மையைக் குறைக்க வழி?

பியேசோவில் காந்தமும் கொயிலும் இல்லை, மின்சாரம் பட்டால் அதிர்கிற படிகத் தகடுதான். ஒரு 30 ஓம் ரெசிஸ்ரரைத் தொடராகப் போட்டால் அம்புக்கு நல்லது, உச்சக் கூர்மையும் கொஞ்சம் அடங்கும். சிதைவு போகாது. அது போக வேண்டுமென்றால் ட்வீற்றரையே மாற்றுங்கள்.

மானிப்பாயில் இருந்து: ட்வீற்றர் காந்தத்தின் நடுத் தண்டுக்குச் செப்புத் தொப்பி போட்டால் சிதைவு குறையுமாம். பின்பக்கம் துளைத்துக் காற்றறை வைத்தால் இன்னும் நல்லதாம். வீட்டில் செய்யலாமா?

இரண்டும் சரியான கதைதான். கொயிலில் மின்னோட்டம் மாறும்போது காந்தப் புலமும் சேர்ந்து ஆடும். செப்பில் பிறக்கிற சுழல் மின்னோட்டம் அதை எதிர்த்து அடக்கும். ஆனால் கொயில் நிற்கிற காந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவுதான். தொப்பிக்கு இடம் எங்கே? அது தொழிற்சாலையில் அளந்து செய்கிற வேலை. துளைத்தால் ஒத்ததிர்வு (டோம் தானாக அதிர்கிற சுருதி) இறங்கும், ஆனால் இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுக்கவே ஏலாது. நானே இரண்டு ட்வீற்றரை அப்படிக் கொன்றிருக்கிறேன்.

அதற்குப் பதிலாக, ட்வீற்றரின் சத்தத்தை எப்படியும் குறைக்கத்தான் வேண்டுமென்றால், குறுக்கு ரெசிஸ்ரர் இல்லாமல் தொடர் ரெசிஸ்ரர் மட்டும் போட்டுப் பாருங்கள். கொயிலின் தூண்டல் மாறுவதால் வரும் சிதைவு அதனால் குறையும். வெட்டுகிற இடம் நகரும், அதனால் ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஒரு மைக் வைத்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். காதை மட்டும் நம்பினால், நாங்கள் கைவைத்த எதுவும் எங்களுக்கு நல்லதாகத்தான் கேட்கும்.

சுன்னாகத்தில் இருந்து: அண்ணா, மகன் விரலால் டோமை அமத்திப்போட்டான். சிதைவு வருமா?

துணி டோம் என்றால் செலோ டேப்பை மெல்ல ஒட்டி இழுங்கள் தங்கச்சி, பெரும்பாலும் எழும்பிவிடும். உலோக டோமை விட்டுவிடுங்கள், இழுக்கப் போய் மடிப்பு விழும். கொயில் உரசாவிட்டால் பெரிய வித்தியாசம் கேட்காது. முன்னுக்கு ஒரு கம்பி வலை போடுங்கள், அவன் திரும்பவும் வருவான்.