கடைசி நொடியில் ரத்தாகும் பந்தயப் பணம்

கேள்வி: டோட் முறையில் குதிரைமேல் பெருந்தொகை கட்டிவிட்டு, ஓட்டம் தொடங்கும் தறுவாயில் ரத்து செய்கிறார்களாமே, இது முறையா, சட்டப்படி செல்லுமா? – வாசகர், கீழக்கரை.

பதில்: டோட்டில் எல்லாரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, கழிவு போக மீதி வென்ற சீட்டுகளுக்குப் பங்கிடப்படுவதால், ஒரு குதிரைமேல் திடீரெனப் பெருந்தொகை விழும்போது பலகையில் அதன் ஈவு, அதாவது வென்றால் சீட்டுக்குக் கிடைக்கும் பங்கு, சரிகிறது; அதைக் கண்டு மற்றவர்கள் வேறு குதிரைக்குத் தாவியபின் அத்தொகை ரத்தானால், அந்தக் குதிரையின் ஈவு மீண்டும் உயர்ந்து, அதில் சிறிய சீட்டுகளைத் தனியே வைத்திருந்தவர், குதிரை வென்றால் கொழிக்கிறார். பாம்பன் மீன் ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டு நழுவுபவரை நாம் சும்மா விடுவோமா? தவறாக அச்சான சீட்டைத் திருத்துவது வேறு.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததே, சூதாட்டமன்று என உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆயினும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30, பந்தய ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கி, அதன்படி வென்றதாகச் சொல்லும் பணத்துக்கு வழக்குத் தொடுப்பதையும் தடுக்கிறது. ஆகவே ரத்துக்கான கெடுநேரத்தைப் பந்தயக் கழகத்தின் விதிகளில் பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள். கட்டாமலிருந்தால் இன்னும் நல்லது.